பதினோரு நாள் மணியடிக்காத தொலைபேசி

இணைப்பில் எந்த மாற்றம் செய்தாலும், வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம் தொலைபேசியை யாரும் தொடாமல் விட வேண்டும். அதன் பிறகு வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்க்க வேண்டும். மணி அடித்தால்தான் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடலாம். இது விதி. பயிற்சி வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்துப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். "எதற்கு மேடம் அரை மணி நேரம்?" என்று ஒருமுறை ஒருவர் கேட்டார். "விதியில் இருக்கிறது, அதனால்தான்" என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன். காரணம் எனக்கே தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில், பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டில்தான் அந்தக் காரணம் எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் மூன்று பேருக்கும் எனக்கும் அதன் பிறகு பல நாள் சோறு இறங்கவில்லை.

இன்று ஒளியிழைச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் கையேட்டில் எந்த விளக்கு பச்சையாக எரிய வேண்டும் என்று இருக்கும். விளக்கு பச்சையாக எரியும்போதே ஒரு குடும்பம் எப்படி அழியலாம் என்பது இருக்காது.

அந்த வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பு கொடுத்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். செப்புக் கம்பிக் காலம் அது. பிறகு துறை மாறியது, கம்பி மாறியது, கம்பெனி மாறியது. எண்ணை மட்டும் அவர்கள் விடவில்லை. சுவரில் அந்தத் தொலைபேசி இருந்த இடம் விசேஷமானது. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவர் இடது கையை நீட்டினால் எட்டும் உயரத்தில் அதை மாட்டியிருந்தார்கள். தறியில் நூலோட்டும் நாடாவை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியதில்லை. கைப்பேசி அந்தக் கூடத்தில் உதவாது. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், கனத்த சுவர்கள், சிக்னல் வாசலோடு நின்றுவிடும்.

என்னைக் கூப்பிட்டது அந்த வீட்டுப் பெண் மலர்விழி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மாடி அறையிலிருந்து வேலை செய்கிறாள்.

"மேடம், மீட்டிங்ல பாதிப் பேச்சுல அப்டியே நின்னுடறேன். எங்க டீம் லீடு கேக்கறாரு, உங்க ஊர்ல நெட்ட கூட தறியிலதான் நெய்வீங்களான்னு."

கம்பெனி கொடுத்த ரவுட்டர் கீழே, ஒளியிழை வந்து சேரும் இடத்தில் இருந்தது. அதன் சிக்னல் மாடிக்கு ஏறவில்லை. அதனால் அவள் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கியிருந்தாள். கறுப்பு நிறம், ஆறு கொம்புகள். மலர்விழியின் அம்மா செல்வராணி தறியிலிருந்தே அதை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மேடம் இது, மல்லாந்து கெடக்கற கரப்பாம்பூச்சி மாதிரி இருக்குது!"

முதலில் கம்பெனி ரவுட்டரின் பின்னால் இதைச் சேர்த்தேன். சேர்ந்தது, ஆனால் மலர்விழியின் அலுவலக இணைப்பு அடிக்கடி அறுந்தது. ஒரே வாசலில் இரண்டு காவல்காரர்கள் நின்றுகொண்டு, வருகிறவனை ஆளுக்கொரு தடவை விசாரித்தால் அப்படித்தான் ஆகும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று எளிய வழி. காவல் வேலையைக் கம்பெனி ரவுட்டரே பார்க்கட்டும் என்று விட்டு, புதியதைச் சிக்னல் பரப்பும் வேலைக்கு மட்டும் வைப்பது. மற்றொன்று, புதியதை முன்னால் நிறுத்தி, கம்பெனி ரவுட்டரை அதற்குப் பின்னால் தள்ளுவது. தொலைபேசி ஒயர் கம்பெனி ரவுட்டரில்தான் செருகியிருந்தது என்பதால் அதைத் தூக்கி எறியவும் முடியாது.

நான் இரண்டாவது வழியை எடுத்தேன். தங்கள் பெட்டிதான் முதலில் இருக்க வேண்டும் என்று கம்பெனி தன் விதிமுறைத் தாளில் அச்சிட்டிருந்தது. அதை அவர்களுடைய தலைக்கனம் என்று நினைத்தேன். எளிய வழி யாருக்கும் தெரியும், எனக்கு எதற்கு என்றும் நினைத்தேன். ஓய்வு பெற்ற மூளைக்கு ஒரு வேலை கிடைத்தால் அது இப்படித்தான் ஆடும்.

சோதனை செய்யாமல் வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். செல்வராணியைத் தொலைபேசியிலிருந்து என் கைப்பேசிக்கு அழைக்கச் சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். வந்தது. உடனே கைப்பேசியிலிருந்து தொலைபேசிக்கு அழைத்தேன். மணி அடித்தது. ஆறு அடி தூரத்தில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டே செல்வராணி ரிசீவரை எடுத்து, "அல்லோ, யாரு பேசறது?" என்று சிரித்தாள். மாடியிலிருந்து மலர்விழி, "சூப்பர் மேடம்!" என்று கத்தினாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அந்த வீட்டில் இந்தத் தொலைபேசி எதற்காக இருக்கிறது என்றும் கேட்கவில்லை. சேலை ஆர்டருக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பதினோராம் நாள் காலையில் மலர்விழி கூப்பிட்டாள். சேலை நெய்யக் கொடுக்கும் முதலாளி வீட்டு ஆள் வந்து சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். நான் போனபோது அவர் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று செல்வராணியை விளாசிக்கொண்டிருந்தார்.

"போன தூக்கி வேகவதி ஆத்துல போட்டுட்டீங்களா? நாலு நாளா கூப்ட்டுக்கினே கீறேன். இப்போது தொடர்புகொள்ள முடியாதுன்றா ஒருத்தி. செல்லுக்குப் பண்ணா அதுலயும் அவளே வந்து அதையே சொல்றா!"

"வூட்டு போனு நல்லாத்தான் கீதுபா. காலைலகூட எங்க அண்ணன் வூட்டுக்குப் பேசினேன்."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

நான் தெருவில் நின்றபடியே அந்த எண்ணுக்கு அழைத்தேன். அந்தப் பெண் குரல் எனக்கும் அதையே சொன்னது. கைப்பேசியை வாசலில் மலர்விழியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் ரிசீவரை எடுத்தேன். சுத்தமான டயல் ஓசை. என் கைப்பேசிக்கு அழைத்தேன், வந்தது. வாசலுக்கு வந்து திரும்ப அழைத்தேன், உள்ளே கணீரென்று மணி அடித்தது. முதலாளி வீட்டு ஆள் என்னையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேஜாரான போனு" என்று சொல்லி சைக்கிளை எடுத்தார்.

பழுது இருக்கிறது, நான் தொட்டால் மட்டும் ஒளிந்துகொள்கிறது. தறிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். யாரும் ரிசீவரைத் தொட வேண்டாம் என்றேன். ஐந்து நிமிடம் கழித்து வாசலுக்குப் போய் அழைத்தேன். அதே குரல். சும்மா விட்ட ஐந்தே நிமிடத்தில் இணைப்பு போயிருந்தது.

புரிந்துவிட்டது. கம்பெனி ரவுட்டர் மணிக்கு ஒருமுறைதான் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தலைமையகத்துக்குச் சொல்லும். அதை முன்னால் வைத்தால் அதுவே போதும். நான் முன்னால் நிறுத்திய புதிய காவல்காரனுக்கு ஞாபகம் சில நிமிடங்களுக்குத்தான். உள்ளிருந்து யாராவது பேசினால் கதவைத் திறப்பான். பேச்சு நின்று சில நிமிடம் ஆனதும் சாத்திவிடுவான். அதன்பின் வெளியிலிருந்து வருகிறவனை, இப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்புவான். நான் முதல் நாள் சோதித்தது, நானே திறந்து வைத்த கதவு வழியாக.

இதையெல்லாம் மலர்விழியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது செல்வராணி தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தாள்.

"அப்போ ஆஸ்பத்திரில இருந்து கூப்ட்டிருந்தா?"

"எந்த ஆஸ்பத்திரி?"

அவள் கணவர் சுந்தரமூர்த்தி அன்று டயாலிசிஸுக்குப் போயிருந்தார். வாரம் மூன்று நாள் போகிறார் என்பது தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில், மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயர் நான்கு ஆண்டுகளாக இருந்தது. எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். கொடுத்திருந்த முதல் எண் இந்தத் தொலைபேசி. இரண்டாவது எண், இந்தக் கூடத்துக்குள் வந்ததும் ஊமையாகிவிடும் அவருடைய கைப்பேசி.

"மலர் நம்பரைக் கொடுக்கவில்லையா?"

"பொண்ணு நாளைக்குக் கட்டிக் குடுத்தா போயிடும் மேடம். நம்பரும் கூடப் போயிடும். அதனால எழுதல." செல்வராணி சுவரைப் பார்த்தாள். "இது எங்கியும் போவாதுன்னு இத எழுதினோம்."

பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். கம்பெனி ரவுட்டர் முன்னால், புதியது பின்னால், சிக்னல் பரப்பும் வேலைக்கு மட்டும். முதல் நாளே செய்திருக்க வேண்டிய எளிய வழி. பிறகு அரை மணி நேரம் மூவரும் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். தறி நின்றிருந்தது. அந்த வீட்டில் தறி நின்றால் கேட்கும் நிசப்தம் சாவு வீட்டில்கூட இராது. நான் தெருவுக்குப் போய் அழைத்தேன். உள்ளே மணி அடித்தது வாசல்வரை கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

பழுது நீங்கிவிட்டது. நீங்களாக இருந்தால் இங்கே பையை மூடுவீர்கள். நானும் மூடத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பதினோரு நாளில் அவர்கள் கூப்பிட்டார்களா என்ற கேள்வியை எந்தப் பையில் போட்டு மூடுவது?

மருத்துவமனைக்கு நானே பேசினேன். ஒரு பெண் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"அம்மா, இதெல்லாம் போன்ல சொல்லக்கூடாது. பேஷண்ட் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுங்க, பதில் அனுப்புவோம்."

கம்பெனியில் அழைப்புப் பட்டியல் கேட்டாலும் இதே விதிதான். சந்தாதாரர் கையெழுத்து வேண்டும். சந்தாதாரர் சுந்தரமூர்த்தி. ஆக, அவருக்குத் தெரியாமல் எதையும் கேட்க முடியாது.

"அவருகிட்ட வேணா மேடம்," என்றாள் செல்வராணி. "ஏற்கெனவே பிரஷர் இறங்க மாட்டேங்குது. மலரு போட்டுடும் கையெழுத்து. எல்லா எடத்துலயும் அதுதான் போடுது, ஒருத்தனும் கேக்கல."

கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று எத்தனையோ விண்ணப்பங்களைத் திருப்பியனுப்பியவள் நான். அன்று ஒரு கணம், போட்டால் என்ன என்று தோன்றியது உண்மை. அடுத்த கணம் அதைவிட மோசமான ஒன்று தோன்றியது. எதையும் எழுதாமலே விட்டால் என்ன? போன் இப்போது ஒலிக்கிறது. இனி கூப்பிட்டால் எடுப்பார்கள். போனது போயிருந்தால் அதைத் தெரிந்துகொண்டு யாருக்கு லாபம்? இந்த வாதத்தில் எங்கும் ஓட்டை தெரியவில்லை. அதனாலேயே அதைக் கண்டு பயந்தேன். எனக்கு இவ்வளவு சாதகமாக இருக்கும் வாதத்தை, வேறொருவர் கொண்டுவந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

என் முதல் மேலதிகாரி ஒருவர் இருந்தார். யாரும் புகார் செய்யாத பழுதைக்கூட, சரிசெய்த பிறகு பதிவேட்டில் எழுதச் சொல்வார். 'யாரால் வந்த பழுது' என்ற பத்தியில் தன் பெயரையே எழுதியதையும் பார்த்திருக்கிறேன். அன்று அவரைப் பின்னால் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் காலை போனேன். சுந்தரமூர்த்தி தரையில் உட்கார்ந்து, டயாலிசிஸ் ஊசி போடும் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் பட்டு நூலில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். நான் செய்தது, ஏன் செய்தேன், எத்தனை நாள் என்று. செல்வராணி அடுப்படி வாசலில் முந்தானையை வாயில் வைத்தபடி நின்றாள்.

அவர் நூலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பதினோரு நாளா? அதுல ஞாயித்துக்கெழம எத்தினி?"

"இரண்டு."

"ஞாயித்துக்கெழமதான் வண்டி விபத்து ஜாஸ்தின்னு வார்டுல பேசிக்குவாங்கோ." நிமிர்ந்து பார்த்தார். "இப்டியெல்லாம் நெனைக்கக் கூடாதுன்னு இவ திட்டுவா. ஆனா வேற எப்டி வரும் மேடம் எனக்கு? எவனாவது போனாத்தான வரும்."

மருத்துவமனைக்கும் கம்பெனிக்கும் எழுதி வைத்திருந்த இரண்டு கடிதங்களைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"டெலிபோன் மேடம் வந்து வச்சாங்கன்னு தெரு பூரா சொல்லிக்கினு இருந்தேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்க போடணும் கையெழுத்து?"

இரண்டு கடிதங்களிலும் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"பதில் வந்தா யாரும் பிரிக்கக் கூடாது. நான்தான் படிப்பேன்."

கம்பெனியின் பதில் இரண்டு வாரத்தில் வந்தது. மதிப்புக்குரிய வாடிக்கையாளராக இருப்பதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இணைந்த அழைப்புகளின் விவரம் மட்டுமே பதிவாகும், இணையாத அழைப்புகளின் விவரம் தங்களிடம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: திருப்பி அனுப்பப்பட்டவனைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட இருக்காது.

மருத்துவமனையிலிருந்து எதுவும் வரவில்லை. நினைவூட்டல் எழுதினேன், பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. பங்குனி முடிந்து சித்திரை பிறந்தது. தினமும் ஒரு தடவை என் வீட்டிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்ப்பேன். இரண்டு மணி அடித்ததும் வைத்துவிடுவேன். ஒரு நாள் மலர்விழி என்னைக் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னாள்.

"மேடம், தயவு செஞ்சு அத நிறுத்துங்க. ஒவ்வொரு தடவ அடிக்கறப்பவும் அம்மா நாடாவக் கீழ போட்டுடறாங்க. அப்பா எழுந்து செருப்பு மாட்டிக்கறாரு."

நிறுத்தினேன். அதன் பிறகு மணி அடிக்கிறதா என்று எனக்குத் தெரியாமல் இருந்த நாட்கள்தான் மிகக் கொடியவை. அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனேன். பதில் வர வேண்டும் என்று காலையில் வேண்டிக்கொள்வேன். தபால்காரர் வரும் நேரமானால் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன். 'அழைத்தோம், எடுக்கவில்லை, அடுத்தவருக்குப் பொருத்தினோம்' என்ற வாக்கியத்தை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

வைகாசியில் ஒரு நாள் முற்பகல், சுந்தரமூர்த்தியே கூப்பிட்டார். "வந்துருக்குது மேடம். வாங்க," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

நான் போய்ச் சேரும்வரை உறையைப் பிரிக்கவில்லை. மடி மேல் வைத்திருந்தார். செல்வராணி தறிக்குழியில் கால் வைத்தபடி, நெய்யாமல் உட்கார்ந்திருந்தாள். மலர்விழி படியில். அவர் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, தாளை விரித்து, எழுத்துக்கூட்டுகிறவர் போல மெதுவாக, உரக்கப் படித்தார்.

நாங்கள் குறிப்பிட்டிருந்த பதினோரு நாட்களுக்குள் அவருடைய எண்களுக்கு இரண்டு தடவை அழைத்திருந்தார்கள். சிறுநீரகத்துக்காக அல்ல. பட்டியலில் இருப்பவர்கள் அவ்வப்போது கொடுக்க வேண்டிய ரத்த மாதிரிக்காக. இரண்டு எண்களும் கிடைக்கவில்லை. தொடர்புகொள்ள இயலாதவர் என்ற வகையில், நடைமுறைப்படி, அவர் பெயர் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. தங்கள் கடிதத்தின் பேரில் இது பரிசீலிக்கப்பட்டு, அவருடைய பழைய வரிசை மாறாமல், இக்கடிதத்தின் தேதியிலிருந்து பெயர் மீண்டும் சேர்க்கப்படுகிறது.

படித்து முடித்ததும் தாளை மடியில் வைத்தார்.

"அப்போ இத்தினி நாளா நான் லிஸ்ட்டுலயே இல்ல."

"இப்போ கீறே இல்ல?" என்றாள் செல்வராணி. "அதப் படி. இன்னொரு தபா படி."

"கீறேன்னுதான் எழுதிகீறாங்கோ."

நான் சுவரில் இருந்த தொலைபேசியைப் பார்த்தேன். நான் பழுது நீக்கிய நாளிலிருந்து அந்தத் தொலைபேசி ஒழுங்காக மணியடித்துக்கொண்டிருந்தது. டயல் ஓசை சுத்தம், விளக்கெல்லாம் பச்சை. அந்த இரண்டு மாதமும் உலகத்தில் எந்த மருத்துவமனையும் அதைக் கூப்பிட்டிருக்காது. நாங்கள் எழுதாமல் விட்டிருந்தால், அவர் அதன் கீழே உட்கார்ந்து, கை எட்டும் தூரத்தில், இன்னும் காத்துக்கொண்டிருந்திருப்பார்.

இடைப்பட்ட நாட்களில் அவர் ரத்த வகைக்கு ஏதாவது வந்ததா என்று கடிதத்தில் இல்லை. கேட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மாதிரி கொடுக்க என்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லித் தாளை மலர்விழியிடம் நீட்டினார். அவள் முதலில், மருத்துவமனையில் கொடுப்பதற்காக, தன் கைப்பேசி எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதோடு சேர்த்துப் பின் குத்தினாள். கடிதத்தின் மேல்மூலையில், பெறப்பட்ட நாளைக் குறித்து வைக்கும்படி நான் சொன்னேன். பழக்கம். சுந்தரமூர்த்தியே எழுதினார்: வைகாசி, பெருமாள் கோயில் கருடசேவைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை.